ரிவர்ஸ் லைட் இரண்டும் எரியவில்லை; பல்பு மாற்றியும் பயனில்லை

கேள்வி: ஈரோடு ஹேட்ச்பேக்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2016ஆம் ஆண்டு மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர். சென்ற வாரம் முதல் ரிவர்ஸ் கியர் போட்டால் பின்னால் இருக்கும் வெள்ளை விளக்குகள் இரண்டுமே எரிவதில்லை. இரண்டு பல்புகளையும் புதிதாக மாற்றிப் பார்த்துவிட்டேன்; மாற்றமில்லை. பிரேக் லைட், இண்டிகேட்டர், பார்க்கிங் லைட் ஆகியவை ஒழுங்காக எரிகின்றன. புதிய கார்களில் பின்புற பார்க்கிங் சென்சார் கட்டாயமானது 2019 ஜூலையில்தான் என்பதால், அதற்கு முந்தைய என் வண்டியில் கம்பெனி சென்சார் எதுவும் இல்லை. அந்தக் குறையை ஈடுகட்ட வெளியே ஒரு கடையில் கேமரா பொருத்தியிருந்தேன். இப்போது அந்தக் கேமராவும் படம் காட்டுவதில்லை. பார்த்த எலக்ட்ரீசியன், பின்பக்க வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார். அவ்வளவு செலவு செய்வதற்கு முன், பழுது எங்கே இருக்கிறது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: பழைய ஸ்பானர்

வயரிங் முழுவதையும் மாற்றச் சொல்பவர் பழுதைத் தேடவில்லை என்றுதான் பொருள், எனவே அதைச் சற்றுத் தள்ளி வையுங்கள். இரண்டு விளக்குகளும் ஒரே நாளில் அணைந்து, கேமராவும் கூடவே நின்றிருப்பதால், மூன்றுக்கும் பொதுவாக மின்சாரம் வரும் பாதையில்தான் தடை இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் எரியாமல் இருந்தால்தான் பல்பு, ஹோல்டர் என்று பார்க்க வேண்டும்.

அந்தப் பாதை எளிமையானது. சாவியை ஆன் செய்ததும் பியூஸ் வழியாக கியர்பாக்ஸில் திருகியிருக்கும் ரிவர்ஸ் சுவிட்சுக்கு 12 வோல்ட் வருகிறது. ரிவர்ஸ் கியர் விழும்போது உள்ளே இருக்கும் தண்டு அந்தச் சுவிட்சின் முனையை அழுத்த, இணைப்பு ஏற்பட்டு மின்சாரம் பின்னால் போகிறது. முதலில் பியூஸைப் பாருங்கள். ரிவர்ஸ் லைட்டுக்கு உரிய பியூஸ் எது என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர். கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு செய்யாமல், சாவி ஆன் நிலையில் பியூஸின் இரு முனைகளிலும் டெஸ்ட் லாம்பை (மின்சாரம் இருந்தால் எரியும் சிறு சோதனை விளக்கு) தொட்டுப் பாருங்கள். பியூஸ் எரிந்திருந்தால் அதைவிடப் பெரிய ஆம்பியர் பியூஸைப் போட வேண்டாம். 21 வாட் பல்புகள் இரண்டும் சேர்ந்து இழுப்பது ஏறத்தாழ 3.5 ஆம்பியர்தான். 10 ஆம்பியர் பியூஸ் போகிறதென்றால் எங்கோ வயர் பாடியில் உரசுகிறது.

பியூஸ் நன்றாக இருந்தால் ரிவர்ஸ் சுவிட்சின் கனெக்டரைக் கழற்றி, ரிவர்ஸ் கியர் போட்ட நிலையில் சுவிட்சின் இரு பின்களுக்கிடையே மல்ட்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். மின்தடை ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். நியூட்ரலில் இணைப்பே இருக்கக் கூடாது. மேனுவல் வண்டிகளில் இந்தச் சுவிட்ச்தான் அடிக்கடி போகும் பாகம், விலையும் அதிகமில்லை. கழற்ற நேர்ந்தால் கீழே ஒரு தட்டு வையுங்கள், கியர் ஆயில் சிந்தலாம். புதியதைப் பொருத்தும்போது வாஷரையும் புதிதாகப் போடுவது நல்லது.

பதில்: மின்வயர்

மேலே சொன்னவற்றுடன் ஒரு சோதனையைச் சேர்த்துக்கொள்ளலாம். சுவிட்சின் கனெக்டரில் வண்டிப் பக்கமாக வரும் இரண்டு முனைகளையும் 10 ஆம்பியர் பியூஸ் கோத்த ஒரு சிறு வயரால் இணைத்துப் பாருங்கள். பின்னால் விளக்கு எரிந்தால் பழுது சுவிட்சில். எரியாவிட்டால் சுவிட்சுக்கும் விளக்குக்கும் இடையில். ஆனால் இதை எல்லா வண்டிகளிலும் செய்துவிட முடியாது. பல புதிய மாடல்களில் இந்தச் சுவிட்ச் விளக்குக்கு நேரடியாக மின்சாரம் கொடுப்பதில்லை, விளக்குகள் முதலியவற்றை இயக்கும் கணினிப் பெட்டியான பாடி கண்ட்ரோல் யூனிட்டுக்குச் செய்தி மட்டும் அனுப்புகிறது. அங்கே கண்டபடி வயர் போட்டு இணைத்தால் யூனிட்டுக்குச் சேதம் வரலாம். ஆட்டோமேட்டிக் வண்டிகளிலோ இந்த வேலையை கியர் நிலையைக் காட்டும் சுவிட்ச் செய்கிறது. எனவே ஒரு முனையில் 12 வோல்ட் நேராக வருகிறதா என்று டெஸ்ட் லாம்பால் உறுதி செய்த பிறகே இணையுங்கள்.

மல்ட்டிமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். வயருக்குள் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது 12 வோல்ட் காட்டும். 21 வாட் பல்பை இணைத்தால்தான் அந்த இழையால் சுமையைத் தாங்க முடியவில்லை என்பது தெரியும்.

கேட்டவர்: ஈரோடு ஹேட்ச்பேக்

இருவருக்கும் நன்றி. பியூஸின் இரு பக்கமும் டெஸ்ட் லாம்ப் எரிகிறது. சுவிட்ச் ரிவர்ஸில் இணைக்கிறது, நியூட்ரலில் விடுகிறது. கனெக்டரின் ஒரு முனையில் டெஸ்ட் லாம்ப் பிரகாசமாகவே எரிந்தது. பியூஸ் கோத்த வயரால் இரண்டையும் இணைத்துப் பார்த்தேன். பின்னால் விளக்கு எரியவில்லை, பியூஸும் போகவில்லை. அப்படியானால் எர்த் (விளக்கிலிருந்து மின்சாரம் பாடிக்குத் திரும்பும் இணைப்பு) சரியில்லையா?

பதில்: பழைய ஸ்பானர்

எர்த் என்று தோன்றவில்லை. அநேக வண்டிகளில் ஒரே டெயில் லாம்புக்குள் இருக்கும் பிரேக் லைட்டும் ரிவர்ஸ் லைட்டும் ஒரே எர்த் வயரைப் பகிர்ந்துகொள்கின்றன. பிரேக் லைட் மங்காமல் எரிகிறதென்றால் எர்த் நன்றாக இருக்கிறது. பியூஸ் போகாததால் ஷார்ட்டும் இல்லை. ஆக, நடுவில் வயர் அறுந்திருக்கிறது. உங்கள் வண்டியில் ரிவர்ஸ் லைட் டிக்கிக் கதவில் இருந்தால், கதவுக்கும் பாடிக்கும் இடையே இருக்கும் ரப்பர் குழாயை விலக்கிப் பாருங்கள். திறந்து மூடித் திறந்து மூடி அங்கேதான் வயர் முறியும். பாடியில் இருந்தால் எனக்குச் சந்தேகம் அந்தக் கேமரா மேல்தான். வெளியே பொருத்துபவர்கள் பலர், ரிவர்ஸ் வயரின் மேலுறையைக் கிழித்துக் கவ்வும் பிளாஸ்டிக் கிளிப் ஒன்றை மாட்டி, கேமராவுக்கு மின்சாரம் எடுத்துவிடுகிறார்கள். அந்தக் கிளிப்பின் தகடு செப்பு இழைகளையும் சேர்த்து வெட்டுவதுண்டு. மிச்சத்தை மழை நீர் பார்த்துக்கொள்ளும்.

கேட்டவர்: ஈரோடு ஹேட்ச்பேக்

விளக்குகள் பாடியில்தான் இருக்கின்றன. டிக்கியின் இடப்பக்க உறையைக் கழற்றியதும் நீங்கள் சொன்ன கிளிப் கண்ணில் பட்டது. திறந்தால் உள்ளே பச்சைப் பொடி பூத்திருந்தது. வயரை லேசாக இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. இடப்பக்க விளக்குக்கு வந்து, அங்கிருந்து வலப்பக்கத்துக்குப் பிரியும் வயர் அதுதான் என்பதால் இரண்டும் சேர்ந்து அணைந்திருக்கின்றன. பச்சை பிடித்த பகுதியை வெட்டிவிட்டு, அதே கனமுள்ள வயர்த் துண்டைப் பற்றவைத்து, மேலே சூட்டில் சுருங்கும் குழாய் போட்டேன். இரண்டு விளக்குகளும் கேமராவும் இப்போது வேலை செய்கின்றன. எல்இடி பல்பு போடலாமா என்று ஒரு யோசனை இருக்கிறது.

பதில்: மின்வயர்

போடலாம், ஆனால் எல்இடி பல்பில் பிளஸ், மைனஸ் மாறினால் எரியாது. அப்படி நேர்ந்தால் பழுது என்று பதறாமல், ஹோல்டரில் திருப்பிப் போடக்கூடிய வகையாக இருந்தால் திருப்பிப் போட்டுப் பாருங்கள். வெளிச்சம் வெள்ளையாக மட்டும் இருக்கட்டும், நீல நிறம் கலந்தது வேண்டாம்.