புரோப்ரனலால் குழந்தைகளுக்கான சிரப் செங்கோட்டை பக்கம் எங்கே கிடைக்கும்?

எங்கள் மகளுக்கு நாலு மாதம், எடை 6 கிலோ. இடது கண்ணிமையில் ஹெமாஞ்சியோமா என்கிற ரத்தநாளக் கட்டி. பிறந்த இரண்டாம் வாரம் கொசுக்கடி போலச் சிவந்தது, இப்போது கண்ணைப் பாதி மூடிவிட்டது.

திருவனந்தபுரத்தில் ஓ.பி.யில் பார்த்த டாக்டர், ஈ.சி.ஜி. எடுத்துவிட்டு, புரோப்ரனலால் 3 மி.கி. காலை, மாலை எழுதினார். பால் குடித்த பிறகுதான் கொடுக்கணும், இல்லாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடுமாம். பெரியவர்களின் பிரஷர் மாத்திரை என்று என் மாமியாருக்குப் பயம். எனக்கு இல்லை. இந்தக் கட்டி இதில் சுருங்குவதை பிரான்ஸ் டாக்டர்கள் 2008-லேயே எழுதியிருக்கிறார்கள். 2014-ல் அமெரிக்காவில் இதற்கென்றே சிரப்புக்கு அனுமதியும் கிடைத்தது.

சிக்கல் அளவில்தான். இங்கே 10 மி.கி. மாத்திரைதான் இருக்கிறது. பொடித்து 10 மி.லி. தண்ணீரில் கலக்கி, சிரிஞ்சில் 3 மி.லி. எடுக்கச் சொன்னார்கள். பொடி அடியில் தங்கிவிடுகிறது. ஒரு வேளை சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வருகிறது, அடுத்த வேளை தெளிந்த நீர். மருந்து சரியாகப் போகிறதா என்றே தெரியவில்லை.

செங்கோட்டை, தென்காசி, புனலூர் மெடிக்கல்களில் கேட்டாச்சு. ஒருவர் "குழந்தைக்கா?" என்று சீட்டைத் திருப்பியே கொடுத்துவிட்டார். ஆன்லைனிலும் மாத்திரைதான். ஆஸ்பத்திரிக்கு போன் செய்தால், நர்ஸ் "நல்லா குலுக்குங்க" என்கிறார். டாக்டரை அடுத்த ஓ.பி.யில்தான் பார்க்க முடியும்.

தென்காசியிலிருந்து திருவனந்தபுரம் வரை, டாக்டர் சீட்டைக் காட்டினால் இதைத் திரவமாகத் தருகிற, அல்லது தயாரித்துத் தருகிற மருந்துக்கடையோ ஆஸ்பத்திரி பார்மசியோ எங்கே இருக்கிறது?