கோத்தகிரி டீத்தூள் கடை வெப்சைட்: 500 டைரக்டரியில் சேர்க்கலாமா?

தூள்கடை (கேள்வி)
வணக்கம். கோத்தகிரியில் டீத்தூளும் யூகலிப்டஸ் தைலமும் விற்கும் கடை. கடைக்கென்று வெப்சைட் இருக்கிறது, கூரியரில் வெளியூருக்கும் அனுப்புகிறோம். 500 ஆன்லைன் டைரக்டரிகளில் (சைட், கடைகளின் பட்டியல் போடும் தளங்கள்) சைட்டைச் சேர்த்துத் தருகிறேன், கூகுளில் மேலே வந்துவிடும் என்று ஒருவர் ரேட் சொல்கிறார். கொடுக்கலாமா? நாமே சேர்ப்பதானால் எங்கிருந்து ஆரம்பிப்பது? இலவச டைரக்டரிகள் சிலவற்றில் ஏற்கெனவே சேர்த்தாயிற்று, அதனால் கெடுதல் உண்டா?

பைக்காரா
கொடுக்காதீர்கள். டைரக்டரியிலிருந்து நம் சைட்டுக்கு வரும் லிங்குக்கு கூகுளில் மதிப்பு இருந்த காலம் ஒன்று உண்டு. யாஹூ டைரக்டரியிலும் டிமாஸ் என்ற டைரக்டரியிலும் ஓர் எடிட்டர் சைட்டைத் திறந்து பார்த்துத்தான் சேர்ப்பார். யாஹூ 2014 கடைசியில் மூடியது, டிமாஸ் 2017 மார்ச்சில். அதற்கு முன்பே, 2012 ஏப்ரலில், செயற்கையாகச் சேர்த்த லிங்குகளைக் குறிவைத்து கூகுள் தன் தேடல் முறையில் பெங்குவின் என்ற அப்டேட்டைக் கொண்டுவந்தது. தரம் குறைந்த டைரக்டரி லிங்கு இன்றைக்கும் அவர்களுடைய ஸ்பாம் விதிகளில் உதாரணமாகவே இருக்கிறது.

ஒரு டைரக்டரி தேறுமா என்று பார்க்க, கூகுளில் 'சைட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி (:) வைத்து, இடைவெளி விடாமல் அதன் முகவரியைப் போடுங்கள். பக்கங்களே வரவில்லையென்றால் அங்கே நேரம் செலவழிக்க வேண்டாம். பதிலுக்கு உங்கள் சைட்டில் அவர்கள் லிங்கைப் போடச் சொன்னாலும் விலகிவிடுங்கள்.

ஏற்கெனவே சேர்த்ததற்குப் பயம் வேண்டாம். அப்படிப்பட்ட லிங்குகளைக் கூகுள் பெரும்பாலும் கணக்கிலேயே எடுப்பதில்லை. சைட் உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் 'மேனுவல் ஆக்‌ஷன்ஸ்' பக்கத்தைப் பாருங்கள், கூகுள் ஆட்கள் சைட்டின் மேல் நடவடிக்கை எடுத்திருந்தால் அங்கே தெரியும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் டிஸ்அவோ ஃபைல் (இந்த லிங்குகளைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளுக்குக் கொடுக்கும் பட்டியல்) போடாதீர்கள், தப்பாகப் போட்டால் நல்ல லிங்கும் சேர்ந்து போய்விடும்.

பூம்பாறைப்பூண்டு
பைக்காரா சொன்னது சரி. ஆனால் டைரக்டரியே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். லிங்குக்காக இல்லை, ஆள் வந்து சேரவும் போன் வரவும் அது வேண்டும். அதற்கு ஐந்தாறு இடம் போதும், எல்லாவற்றிலும் பெயர், முகவரி, போன் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

மலை ஊர்களில் சறுக்குவது இங்கேதான். கோத்தகிரியை ஆங்கிலத்தில் 'டி'க்குப் பின் 'எச்' போட்டும் எழுதுகிறார்கள், போடாமலும் எழுதுகிறார்கள். ஊட்டி என்றால் ஊட்டி, உதகமண்டலம், ஊட்டகமண்ட் என மூன்று. ஒன்றை முடிவு செய்து, பின்கோடு 643217, லேண்ட்லைன் என்றால் 04266 கோடு, எல்லாம் சேர்த்து ஒரு நோட்பேடில் வைத்துக்கொண்டு அதிலிருந்தே காப்பி செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் கையால் அடித்தால் மாறிவிடும். பிறகு ஒரே கடை இரண்டு கடையாகப் பதிவாகி, ரிவ்யூவும் இரண்டாகப் பிரியும்.

முதலில் கூகுள் பிசினஸ் புரொஃபைல், அதாவது கூகுள் தேடலிலும் மேப்பிலும் தெரியும் கடைப் பதிவு. ஆன்லைனில் மட்டும் விற்பவர்களுக்கு இது கிடையாது, உங்களுக்குக் கடை இருப்பதால் கிடைக்கும். போர்டில் இருக்கும் பெயரை மட்டும் போடுங்கள். 'பெஸ்ட் நீலகிரி டீ' என்று ஒட்டுச் சேர்த்தால் புரொஃபைலை நிறுத்திவிடுவார்கள். கேட்டகரியில் 'டீ ஸ்டோர்' வையுங்கள். எஸ்டேட், ஃபேக்டரி என்று வைத்தால் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள்தான் போன் செய்வார்கள்.

வெரிஃபிகேஷனுக்கு இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும்: தெரு, பக்கத்துக் கடை, உங்கள் போர்டு, பூட்டைத் திறப்பது, உள்ளே சரக்கு, பில் போடும் இடம். மஞ்சு இறங்கிய நேரத்தில் எடுத்தால் போர்டே தெரியாது, நல்ல வெயிலில் எடுங்கள். அப்லோட் ஆகும்வரை சிக்னல் நிற்கிற இடமாகவும் பாருங்கள்.

மேப் பின்னைத் தானாக விழுந்த இடத்தில் விடாதீர்கள். வளைவுச் சாலையில் நேர்க்கோட்டில் ஐம்பதடி தள்ளினால்கூட மேல்ரோட்டுக் கடை கீழ்ரோட்டில் காட்டும், வருகிறவர் ஒரு கொண்டை ஊசி வளைவு சுற்றி வர வேண்டும். சாட்டிலைட் வியூவில் வாசலுக்கே இழுத்து வையுங்கள்.

அது முடிந்தால் மைக்ரோசாஃப்டின் பிங் தேடலுக்கான பிங் பிளேசஸ், கூகுளிலிருந்தே இம்போர்ட் செய்யலாம். பிறகு ஆப்பிள் மேப்ஸ். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் நாமே புள்ளி வைக்கலாம், ஆனால் கூகுள் மேப்பைப் பார்த்து எழுதக் கூடாது, லைசென்ஸ் இடிக்கும். ஜஸ்ட்டயல் சில்லறைக்கு, இந்தியாமார்ட் மொத்த வியாபாரத்துக்கு. இரண்டிலும் இலவசப் பதிவு உண்டு. பதிந்தவுடன் பணப் பேக்கேஜுக்கு போன் வரும். வேண்டாமென்றால் அப்போதே சொல்லிவிடுங்கள், ஓடிபி மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

தூள்கடை
நன்றிங்க. கிடங்கு அரவேணுவில் இருக்கிறது. அதையும் தனியாகப் பதிந்தால் இரண்டு இடத்தில் தெரியுமே?

பூம்பாறைப்பூண்டு
வேண்டாங்க. வாடிக்கையாளர் வந்து போகாத கிடங்குக்குத் தனிப் பதிவு கூடாது. அதே போன் நம்பர் என்றால் டூப்ளிகேட் என்று பிடித்து, நல்லபடி இருக்கும் கடைப் பதிவையும் சேர்த்து நிறுத்திவிட வாய்ப்புண்டு.

பைக்காரா
இன்னும் சில. எல்லாப் பதிவையும் கடையின் சொந்த மெயிலில் செய்யுங்கள். வேலைக்கு இருக்கும் பையனின் மெயிலில் செய்தால், அவர் போன பிறகு நம்பர் மாற்றக்கூட வழியிருக்காது. கூகுள் புரொஃபைலில் கொடுக்கும் சைட் லிங்கின் கடைசியில் யுடிஎம் டேக் (ஆள் எங்கிருந்து வந்தார் என்று காட்டும் குறிப்பு) சேருங்கள். அது இல்லாவிட்டால் சைட்டுக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் அனலிடிக்ஸில் அந்த ஆட்களும் சாதாரணத் தேடலில் வந்தவர்களோடு கலந்துவிடுவார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்து, ஒரு போனும் வராத டைரக்டரிக்குப் பணம் கட்டுவதை நிறுத்துங்கள். பதிவை மட்டும் அழிக்க வேண்டாம், கடை நேரமோ நம்பரோ மாறினால் அங்கேயும் போய் மாற்றிவிடுங்கள்.