ஏழு வாரமாகியும் எல்கேஜி போக பயம், உதவுங்கள்

மகளுக்கு மூன்றே முக்கால் வயது. திருநெல்வேலியில் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் ஜூன் மாதம் எல்கேஜி சேர்த்தோம். ஏழு வாரமாகியும் அழுகை நிற்கவில்லை.

யூனிஃபார்மை எடுத்தாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு "வலிக்குதும்மா" என்கிறாள். இரண்டு தடவை வாந்தியும் எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை வலி வருவதில்லை. டாக்டர் பார்த்துவிட்டு வயிற்றில் கோளாறு இல்லை, பயம்தான் என்றார். வீட்டில் சிலர் நடிப்பு என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, பயத்தில் குழந்தைக்கு நிஜமாகவே வயிறு வலிக்கும்.

முதல் வாரம் வகுப்பு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஒருநாள் சொல்லாமல் நழுவினேன். அது பெரிய தப்பு, அன்றிலிருந்து நான் குளிக்கப் போனால்கூட கதவைத் தட்டுகிறாள். அவள் அப்பா கொண்டுபோய் விட்டும் பார்த்தார். என் பழைய துப்பட்டாவில் ஒரு துண்டு வெட்டிப் பையில் வைத்தது மட்டும் கொஞ்சம் உதவியது. மத்தியானம் வரை அதைக் கைக்குள் சுருட்டியே வைத்திருப்பாளாம்.

நேற்று ராத்திரி தூங்கும் முன் மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, ஒண்ணுக்கு வந்தா அங்க யார்கிட்ட சொல்லணும்?" மிஸ்ஸிடம் கேட்கத் தெரியாமல் காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் போகிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. மிஸ்ஸிடம் இன்று பேசிவிட்டேன்.

இவளே வாய்திறந்து மிஸ்ஸிடம் கேட்க, வீட்டில் எப்படிப் பழக்குவது?