புல்லாங்குழல் பதிவில் காற்றுச் சத்தம்

செங்கோட்டைக்காரன்: மோகனத்தில் ஒரு மெட்டு போட்டிருக்கிறேன். தம்புரா, புல்லாங்குழல், கஞ்சிரா மட்டும். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்தால் குழலைவிட மூச்சும், ஓட்டில் விழும் சாரலும்தான் பெரிதாகக் கேட்கிறது. என்ன செய்யலாம்?

புளியரை: மைக்கை வாய்த்துளைக்கு நேராக வைக்காதீர்கள் அண்ணாச்சி. ஓரடி தள்ளி, நெற்றி உயரத்தில் வைத்து, விரல்களைப் பார்த்தபடி சாய்த்துவிடுங்கள். ஊதும் காற்று அடியிலேயே போய்விடும். முதுகுக்குப் பின்னால் துணி பீரோவைத் திறந்து வையுங்கள், எதிரொலி அடங்கும். ரொம்ப நல்ல ராகம் எடுத்திருக்கிறீர்கள்!

ஆரியங்காவு: பதிவாகும் ஒலியின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். 24 பிட் தரத்தில் பதிவு எடுத்தால் அப்புறம் ஒலி அளவைத் தாராளமாக ஏற்றிக்கொள்ளலாம். குழல் தடத்தில் மட்டும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளை வெட்டுங்கள். சாரலை எந்த மென்பொருளும் சுத்தமாக எடுக்காது, குழலின் உயிரும் சேர்ந்து போகும். மழை விட்ட பிறகே ஊதுங்கள்.

செங்கோட்டைக்காரன்: சரி அண்ணே. முதலில் தம்புராவா?

ஆரியங்காவு: ஆமாம். சுருதியை ஹெட்போனில் கேட்டபடியே ஊதுங்கள்.