டர்பனில் இருந்துகொண்டு சால்மன் பாதுகாப்பு வேலைக்குப் போக முடியுமா?

சாட்ஸ்வர்த் பையன்:
கடல் உயிரியல் கடைசி வருஷம் படிக்கிறேன். ஆய்வகத்தில் உட்காருவதைவிட, காட்டுச் சால்மனுக்காக அரசோடும் அணைக்காரர்களோடும் மல்லுக்கட்டும் வேலைதான் பிடித்திருக்கிறது. வீட்டில் "மீனுக்கு வக்காலத்து வாங்கச் சம்பளமா?" என்று சிரிக்கிறார்கள். எங்கே தொடங்குவது?

கழிமுகத்தக்கா:
சிரிக்கட்டும் தம்பி. அமெரிக்காவின் கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை இடித்து 2024-இல் வேலையை முடித்தார்கள், அந்த இலையுதிர்காலமே சால்மன் முட்டையிட ஆற்றில் மேலே ஏறிவிட்டது. அதற்காக யூரோக், காருக் பழங்குடியினர் இருபது வருஷத்துக்கு மேல் கூட்டம், வழக்கு, அணை உரிமப் புதுப்பிப்பு விசாரணை என்று அலைந்தார்கள். மீனைப் படித்தால் மட்டும் போதாது, சுற்றுச்சூழல் சட்டத்தில் ஒரு பாடமாவது எடு. அப்புறம் இங்கே பொதுமக்கள் கருத்துக்கு விடும் சுற்றுச்சூழல் அறிக்கை ஒன்றை எடுத்து, பக்கம் குறிப்பிட்டு ஆட்சேபம் எழுதிப் பழகு. அலுப்பான வேலைதான், ஆனால் இந்தத் தொழிலே பாதி அதுதான்.

தூண்டில் மாமா:
அவ்வளவு தூரம் எதற்கு? நம்ம கோப் மீனும் குஞ்சில் கழிமுகத்தை நம்பித்தான் இருக்கிறது, அதுவும் வெகுவாகக் குறைந்துபோச்சு. 2021 டிசம்பரில் கிழக்குக் கேப்பின் வைல்ட் கோஸ்ட் கடற்கரை மக்கள், ஷெல் எண்ணெய் நிறுவனம் கடலடியில் எண்ணெய், எரிவாயு தேடச் செய்யவிருந்த நில அதிர்வு ஆய்வை நீதிமன்றத்தில் தடுத்தார்களே, அந்தத் தீர்ப்பைப் படி.

சாட்ஸ்வர்த் பையன்:
சரி மாமா, தேடிப் படிக்கிறேன். அக்கா, சட்டப் பாடம் அஞ்சல் வழியில் எடுத்தால் மதிப்பார்களா?

கழிமுகத்தக்கா:
மதிப்பார்கள். நீ எழுதிய ஆட்சேபங்களையும் விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்பு.