புதுப்பிப்பு: காய் தொடாத பையனும் வெண்டைக்காய் வறுவலும்

போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன்: ஆறு வயதுப் பையன், காய் என்றாலே தட்டை ஓரம் தள்ளுகிறான், மொறுமொறுப்பாக ஏதாவது சொல்லுங்கள் என்று. பலர் சொன்ன பீட்ரூட் சிப்ஸ், வெண்டைக்காய் வறுவல் இரண்டையும் செய்துவிட்டேன்.

பீட்ரூட் சொதப்பல். அதில் சர்க்கரை அதிகம். ஈரம் போவதற்குள் ஓரம் கருகி, நடு வதங்கிக் கிடந்தது.

வெண்டைக்காய்தான் ஜெயித்தது. கழுவித் துணியால் ஒற்றி, ஃபேனுக்கு அடியில் நன்றாக உலர்த்தினேன். விதையை வழித்துவிட்டு நீளவாக்கில் மெல்லிசாக நறுக்கினேன். கால் கிலோவுக்கு 3 ஸ்பூன் கடலை மாவு, 1 ஸ்பூன் அரிசி மாவு, கொஞ்சம் மிளகாய்த்தூள். தண்ணீர் வேண்டாம், வெண்டைக்காயின் பிசுபிசுப்பே மாவைப் பிடித்துக்கொள்ளும். உப்பை எண்ணெயில் போடும் முன்தான் பிசிற வேண்டும். முன்னாலேயே போட்டால் நீர் விட்டுக் கொழகொழத்துவிடும். (என் முதல் ஈடு அப்படித்தான் போயிற்று.) கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு, எண்ணெயின் சலசலப்பு அடங்கியதும் எடுத்தேன்.

பையன் முதலில் முகர்ந்து பார்த்தான். அப்புறம் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அம்மா, இது என்ன முறுக்கு?" என்றான். நான் வாயே திறக்கவில்லை.

மறுநாள் அதே வெண்டைக்காயைப் பொரியலாக வைத்தேன். தட்டு மறுபடி ஓரம் போனது.