பண்ணை ரிப்பேருக்கு முதல் வெல்டிங் மெஷின்: வாங்கியவர்கள் சொல்லுங்கள்

கிராஞ்சி கீரைக்காரன்:
சிங்கப்பூர் கிராஞ்சியில் இருக்கும் எங்கள் பண்ணையில் நெட் ஹவுஸ் (வலைக்கூடாரம்) பைப், தள்ளுவண்டி, கேட் கீல் என்று ஏதாவது ஒன்று உடைந்துகொண்டே இருக்கிறது. வெளியாளைக் கூப்பிட்டால் வந்து போகிற காசே கையைக் கடிக்கிறது. சொந்தமாக ஒன்று வாங்கிவிடு என்று முதலாளி சொல்லிவிட்டார். கடையில் 200 ஆம்ப், 250 ஆம்ப் என்று அடுக்குகிறார்கள். எதை எடுப்பது?

லிம் சூ காங் ஆட்டுக்கொட்டகை:
மெஷினை அப்புறம் பாருங்கள். முதலில் சுவரில் இருக்கும் பிளக்கைப் பாருங்கள். இதை எனக்குச் சொன்னவர் துவாஸ் கப்பல் யார்டில் வெல்டராக இருந்த புதுக்கோட்டைக்காரர். ஆட்டுப்பால் வாங்க வந்த இடத்தில் நான் கடை விளம்பரத்தை வைத்து முழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "த்ரீ ஃபேஸ் இருக்கா தம்பி?" என்றார். இல்லை என்றேன். "அப்ப 250 உனக்கு எதுக்கு?"

கணக்கை அவரே போட்டுக் காட்டினார். நம் 13 ஆம்ப் பிளக்கில் 230 வோல்ட்டுக்குக் கிடைப்பது சுமார் 3 கிலோவாட். 80 ஆம்பில் ராடு (உருகி ஒட்டும் வெல்டிங் குச்சி) எரியும்போது ஆர்க் (ராடு நுனியில் எரியும் மின்பொறி) மட்டுமே 1.8 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். மெஷினுக்குள் வீணாவதையும் சேர்த்தால் பிளக்கின் எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிடுவோம். பெட்டியில் 200 என்று எழுதியிருந்தாலும் சாதாரண பிளக்கில் அந்த 200 வராது. ஃபியூஸ்தான் போகும்.

ஆனால் 80 ஆம்பே நமக்குப் போதும். 2.5 மில்லிமீட்டர் தடிப்பில், 6013 என்ற சாதாரண வகை ராடு அதில் அருமையாக ஓடும். கேட், வண்டி, தொட்டி ஸ்டாண்ட் எல்லாம் இதற்குள் அடக்கம். நான் எடுத்தது ராடில் ஒட்டும் சின்ன இன்வெர்ட்டர் (எலக்ட்ரானிக் வகை) ஆர்க் மெஷின். தோளில் மாட்டிக்கொண்டு கொட்டகையின் கடைசி மூலைக்குப் போகலாம். பழைய டிரான்ஸ்ஃபார்மர் செட்டைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

டியூட்டி சைக்கிளையும் பாருங்கள். 60 சதவீதம் என்றால் 10 நிமிஷத்தில் 6 நிமிஷம் பற்றவைக்கலாம், மீதி நேரம் ஆறவிட வேண்டும். அது எத்தனை ஆம்புக்கு என்று பக்கத்திலேயே போட்டிருக்கும். அதைப் படிக்காமல் சதவீதத்தை மட்டும் பார்த்துப் பிரயோஜனமில்லை. எக்ஸ்டென்ஷன் ரீலைச் சுருட்டியபடி வைத்து ஓட்டாதீர்கள், வயர் சூடேறி உருகிவிடும்.

ஜூரோங் மெயின்டனன்ஸ்:
நான் மிக் (ராடுக்குப் பதில் சுருள் வயரில், கேஸ் விட்டு ஒட்டும் மெஷின்) கட்சி. புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு ராடை ஒட்டாமல் ஓட்டுவதே பெரிய பாடு. மிக்கில் துப்பாக்கியை அழுத்தினால் வயர் தானாக வரும். 2 மில்லிமீட்டர் தகடு தடிப்புள்ள பாக்ஸ் பைப்பில் ராடு பொத்தல் போடும் இடத்தில் மிக் சுத்தமாக உட்காரும். திறந்தவெளியில் காற்று கேஸை அடித்துக்கொண்டு போய்விடும் என்பது உண்மைதான். அதற்குத்தான் கேஸ் வேண்டாத, உள்ளே பவுடர் அடைத்த ஃப்ளக்ஸ் கோர் வயர் இருக்கிறதே. அதைப் போடும்போது போலாரிட்டியை (பிளஸ், மைனஸ் இணைப்பை) மாற்ற மறக்காதீர்கள்.

ஆட்டுக்கொட்டகை:
சரிதான், ஆனால் பண்ணையில் மிக் மெஷின் நாள்கணக்கில் சும்மா கிடக்கும். இந்த ஈரத்தில் வயர் துருப்பிடித்தால் ரோலரில் சிக்கிக்கொண்டு கழுத்தறுக்கும். ராடை மூடி டப்பாவில் போட்டு வைத்தால் முடிந்தது. துருவும் பெயின்ட்டும் இருக்கிற இரும்பையும் ராடு ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

யார்டு வெல்டர்:
நான் யார்டில் ஓட்டுவது சிஓடூ (கார்பன் டை ஆக்சைடு கேஸில் ஓடும் மிக் மாதிரி வயர் வெல்டிங்). ஆனாலும் பண்ணைக்கு ராடு என்றுதான் சொல்வேன். 7018 பலமான ராடு என்று யாராவது சொன்னால் இப்போதைக்கு வேண்டாம். அதைச் சூடான குடுவையில் வைத்துக்கொண்டுதான் நாங்களே வேலை செய்கிறோம். ஈரம் குடித்த 7018-இல் வெல்டுக்குப் பக்கத்தில் கிராக் வரலாம்.

ஊரில் அப்பாவுக்கு ஒரு செட் வாங்கிக் கொடுத்தேன். இங்கிருந்து கார்கோவில் அனுப்பச் சொல்லித்தான் கேட்டார். நான் ஊர்ப்பக்கமே வாங்கச் சொன்னேன். பழுதானால் இங்கே திருப்பி அனுப்பவா முடியும்? லைன் கடைசியில் இருக்கும் வீட்டில் சாயங்காலம் வோல்டேஜ் படுத்துவிடும். அதனால் குறைந்த வோல்டேஜிலும் ஓடுகிற மாடலாகப் பார்த்து எடுத்தோம். கேட், டிரெய்லர் பலகை எல்லாம் அவரே ஒட்டுகிறார். கல்டிவேட்டர் கொழுவை மட்டும் தொடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். அந்த இரும்பில் கார்பன் அதிகம், 6013-இல் ஒட்டினால் முதல் உழவிலேயே ஓரமாகப் பிளக்கும்.

கீரைக்காரன் அண்ணே, உங்கள் நெட் ஹவுஸ் பைப் ஜிஐயாகத்தான் (துத்தநாகம் பூசிய இரும்பு) இருக்கும். ஒட்டும் இடத்தில் துத்தநாகப் பூச்சைக் கிரைண்டரால் சுத்தமாக எடுத்துவிடுங்கள், காற்று முதுகுப் பக்கமிருந்து வராமல் பக்கவாட்டில் அடிக்கிற மாதிரி நின்றுகொள்ளுங்கள். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் பகலில் ஒன்றும் தெரியாது. ராத்திரி குளிர்க்காய்ச்சல் அடித்துப்போடும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று யார்டில் ஆளாளுக்குச் சொல்வார்கள். பால் வயிற்றுக்குத்தான் போகும், நுரையீரலுக்குப் போகாது.

கீரைக்காரன்:
அப்போ இன்வெர்ட்டர் ஆர்க், 2.5 ராடு. மீதிக் காசில் கிரைண்டர் எடுக்கவா, ஆட்டோ டார்க் ஹெல்மெட் (ஆர்க் எரிந்ததும் கண்ணாடி தானாகக் கறுப்பது) எடுக்கவா?

யார்டு வெல்டர்:
இரண்டுமே. மெஷினில் ஒரு படி இறங்கிக்கொள்ளுங்கள்.